நூலுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
டிசம்பர் 15, ஞாயிறு

அன்புள்ள நூலு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் "இவன் இன்னும் இருக்கானா?" என்று மைனியிடம் கேட்டிருப்பாய். இருக்கிறேன். திட்டுவதென்றால் இந்தப் பக்கத்தோடு திட்டி முடித்துவிடு. அடுத்த பக்கங்களில் உனக்குச் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் திட்ட வராது.

புரட்டாசியில் உங்கப்பா, நம் கடை அண்ணாச்சி, தவறிய செய்தி வந்தபோது எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். குனியக்கூடாது, குலுங்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று ஒரு சீட்டு நிறைய எழுதிக் கொடுத்திருந்தார்கள். போனில் இரண்டு நிமிடம் பேசினோம். அதில் ஒன்றரை நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போயிற்று. பதினாறாம் நாளுக்காவது வந்திருக்கலாம், வரவில்லை. கண் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் ரெண்டு மாசமா என்னலே கிழிச்சே என்று நீ கேட்டால், பதில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கற்கண்டு வளர்த்தேன்.

அதைச் சொல்வதற்கு முன், மைனியின் மூட்டுவலி தேவலையா? சின்னவனுக்கு அந்தத் தூத்துக்குடி வேலை என்ன ஆயிற்று? இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு சுகர் வந்துவிட்டது. சாப்பிட்ட பிறகு 240. டாக்டர் திட்டினார், வீட்டில் அதற்கு மேல் திட்டினார்கள். இப்போது காபியில் ஒரு மண்ணும் கிடையாது. இந்த நிலைமையில் வீட்டில் கிலோக் கணக்கில் சீனி கரைத்து பாட்டில் பாட்டிலாக வைத்திருக்கிறேன் என்றால், உன் தங்கச்சி என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொள். ஒவ்வொரு நாளும் பாட்டிலில் பாகின் மட்டம் குறைந்திருக்கிறதா என்று அவளும் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன். நான் பார்ப்பது வேறு காரணத்துக்கு.

ஆரம்பித்து வைத்தது பேத்திதான். காலாண்டு விடுமுறைக்கு வந்தவள், "தாத்தா, ஸ்கூல்ல கிரிஸ்டல் வளத்துட்டு வரச் சொல்லிருக்காங்க" என்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், இதென்ன பெரிய காரியம் என்று இறங்கினேன். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டம்ளர் சீனி. கொதிக்க வைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, நைலான் நூல் ஒன்றைத் தொங்கவிட்டோம். பத்து நாள் ஆயிற்று. நூல் போட்ட நூலாகவே இருந்தது. பிள்ளை முகம் தொங்கிப்போய் ரயில் ஏறினாள். பிளாட்பாரத்தில் வைத்து, "நீ போ, தாத்தா வளத்து அனுப்புறேன்" என்று வாக்குக் கொடுத்தேன் பார், அதில் பிடித்தது சனி.

அவள் போன பிறகுதான் கணக்குப் போட்டேன். இங்கே இருக்கும் வெயிலுக்கு, 30 டிகிரி என்று வை, 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 215 கிராம் சீனியைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிக்கும்போது 480 கிராமுக்கு மேல். அப்படிச் சூட்டில் கூடுதலாகக் கரைந்தது, ஆறிய பிறகு இடமில்லாமல் நிற்கிறதே, அந்த மிச்சம்தான் கல்லாகக் கட்டுகிறது. டம்ளர் அளவில் இரண்டுக்கு ஒன்று போட்டால் எடைக்கு 100க்கு 170 கூட வராது. ஆறிய பிறகும் அந்தத் தண்ணீர் "இன்னும் கொண்டா" என்றுதான் சொல்லும், கொடுக்காது. மூன்றுக்கு ஒன்று போட வேண்டும். மூக்குப்பொடி சார் கரைதிறன் நடத்தும்போது நாம் ரெண்டு பேரும் பின்பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று உனக்கே தெரியும்.

இரண்டாவது முறை மூன்றுக்கு ஒன்று. நைலானை விட்டுவிட்டுப் பூக்கட்டும் நூலை எடுத்தேன். வழவழப்பான நூலில் சீனிக்குப் பிடிப்புக் கிடையாது, பருத்தியில் பிசிறு இருக்கிறது. நூலைப் பாகில் நனைத்து, சீனியில் புரட்டி, அதையே விதையாக வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துகொண்டேன். எல்லாம் சரி, பொறுமைதான் இல்லை. புரட்டின சீனி காயும் முன்பே, பாகு ஆறும் முன்பே, நூலை உள்ளே விட்டுவிட்டேன். சூட்டுக்கு விதை மொத்தமும் கரைந்து, மறுபடியும் மொட்டை நூல். அதையாவது விட்டுவைத்தார்களா? காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் இருந்து பாட்டில் வரை ஒரு கறுப்புக்கோடு. உங்கள் கடையில் வெல்ல மூட்டைக்கு அடியில் போகுமே, அதே சாதி எறும்பு. கோயம்புத்தூர் வரைக்கும் வந்துவிட்டது.

மூன்றாவது முறை எறும்புக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பாட்டிலை வைத்தேன். நூலை இரண்டு நாள் கொடியில் காயப்போட்டேன். பாகை இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டேன். இம்முறை ஒரு குறையும் இல்லை என்று பேத்திக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். பாகு தேன் மாதிரிப் பளபளவென்று நின்றதே தவிர, ஒரு குருணை கட்டவில்லை. எனக்கு ராத்தூக்கம் போயிற்று. சீனியிலேயே கலப்படமோ என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்கக் கிளம்பினேன். அப்போதுதான் உன் தங்கச்சி அடுப்படியில் இருந்து மெல்லச் சொல்கிறாள், "அன்னைக்கு நீங்க பாத்ரூம் போயிருந்தப்ப, பாகு பூத்துப் போயிருமேன்னு நான்தான் அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பத்தைந்து வருஷமாக ஜாங்கிரிப் பாகுக்கும் குலாப் ஜாமூன் பாகுக்கும் பிழிந்து பழகிய கை. பூக்கக்கூடாது என்பதுதான் அவள் தொழில், பூக்க வேண்டும் என்பது என் தொழில். புளிப்புப் பட்டால் சீனி இரண்டாக உடைகிறது, குளுக்கோஸ் ஒன்று, பிரக்டோஸ் ஒன்று. சீனி வரிசையாக அடுக்கிக்கொள்ள வரும் இடத்தில் இந்த ரெண்டும் குறுக்கே வந்து நின்றுகொள்ளும், அடுக்கு சேராது. மூன்று வாரம் நான் பாட்டிலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது இந்த அரை எலுமிச்சம்பழத்தை. அன்று இரவு நாங்கள் ரெண்டு பேரும் சிரித்த மாதிரி சமீபத்தில் சிரித்ததில்லை.

நான்காவது பாட்டில் வைத்து இன்றோடு இருபத்தெட்டு நாள்.

மாடிப்படிக்கு அடியில், மிக்சியும் கிரைண்டரும் அதிராத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். வாயில் பழைய வேட்டித்துணி. ஈர்க்குச்சி ஒன்றைக் குறுக்கே போட்டு அதில் நூல், நூலின் அடியில் கனத்துக்கு ஒரு ஊக்கு. மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது நூல் பனியில் நனைந்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் நெருஞ்சி முள் மாதிரி அங்கங்கே முனை தள்ளியது. இப்போது பச்சைப்பட்டாணி அளவில் ஏழெட்டு. ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி. வெள்ளையே கிடையாது, தெரியுமா? சீனி வெள்ளை என்பது அத்தனை சின்னக் கல்லும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் வேலை. ஒற்றைக்கல்லில் அப்படியே அந்தப் பக்கம் தெரிகிறது. முகங்கள் ஒன்றோடொன்று நேராகச் சேரவில்லை, ஒரு பக்கம் சாய்ந்த பெட்டி மாதிரி இருக்கிறது. பட்டாணியிலும் அந்தச் சாய்வு, ஒட்டிக்கொண்டிருக்கும் கடுகிலும் அதே சாய்வு. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு?

இதற்கு நடுவில் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டிச் சர்க்கரையை இருட்டில் உடைத்தாலோ சுரண்டினாலோ பொறி பறக்கும் என்று இங்கிலாந்தில் பிரான்சிஸ் பேக்கன் 1620லேயே எழுதி வைத்திருக்கிறார். விடுவேனா? கடையில் பெரிய கட்டிக் கற்கண்டு நூறு கிராம் வாங்கி, குறட்டோடு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண் பழகட்டும் என்று கால்மணி நேரம் அரிசிப்பானை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குறட்டில் கற்கண்டை வைத்து ஓங்கி அழுத்தினேன். சடக்கென்ற சத்தத்தோடு நீலமாக ஒன்று வெட்டி மறைந்தது. சாணைக்கல் பொறி மாதிரி சிவப்பில்லை, நல்ல நீலம். கல் பிளக்கும்போது ஒரு பக்கத்தில் ஒரு மின்னூட்டமும் எதிர்ப்பக்கத்தில் வேறொன்றுமாகப் பிரிந்து, நடுவில் அகப்பட்ட காற்றில் இருக்கும் நைட்ரஜன் ஒளிர்கிறது. ஆகாயத்து மின்னலும் இதே கூத்துதான், இது குறட்டுக்குள் நடக்கிறது. இன்னும் கேள். ஆபரேஷன் செய்த வலது கண்ணை மட்டும் திறந்து ஒரு கல் உடைத்தேன், நீலம் பளிச்சென்றது. இடது கண்ணை மட்டும் திறந்து உடைத்தால் அழுக்குத் துணி வழியாகப் பார்த்த மாதிரி மங்கல். புரையில் பழுப்பேறிய லென்ஸ் நீலத்தைத்தான் முதலில் தின்னுமாம். இத்தனை வருஷம் எவ்வளவு நீலத்தை விட்டிருக்கிறேனோ.

வெளியே வந்தால் உன் தங்கச்சி கதவுக்கு நேரே நிற்கிறாள். சுகர்க்காரன், இருட்டு அறை, கையில் கற்கண்டுத் தூள். பிரான்சிஸ் பேக்கன் என்று ஆரம்பித்தேன். "யாரு அவன்? அவனுக்கும் சுகரா?" என்றாள்.

அந்தத் தூளைப் பேப்பரில் கூட்டி எடுக்கும்போதுதான் நூல் கையில் வந்தது. கட்டிக் கற்கண்டின் நடுவில் இருந்த நூல். எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றியது.

ஆறாம் வகுப்பு, சரஸ்வதி பூஜை. பொரி, கடலை, கற்கண்டு எல்லாம் உங்கள் கடையில் இருந்து வந்தது. வாயில் இருந்து நூலை உருவி எடுத்து, வகுப்பு முழுக்கப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இவங்க கடைக் கற்கண்டுல சாக்கு தைக்கிற நூல்!" என்று கத்தினவன் நான்தான். அன்றைக்கு உனக்கு விழுந்த பெயர் இன்றைக்கும் விடவில்லை, நானே இந்தக் கடிதத்தை அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன். நீ என்னோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டாய், மறுநாள் சேர்ந்தும் கொண்டாய். ஆனால் அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துப் பொரிகடலை வேறு கடையில் வாங்கினார்கள். அது இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த வாரமே எங்கம்மா துவரம்பருப்பு வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினாள். எனக்குக் கால் ஓடவில்லை. அண்ணாச்சி பருப்பை நிறுத்து, பொட்டலம் கட்டி, சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, மேல்தட்டில் இருந்த கண்ணாடி ஜாடிக்குள் கையை விட்டார். பெரிய கற்கண்டு ஒன்றைப் பேப்பர் துண்டில் வைத்து நீட்டினார். "இதுலயும் நூல் கெடக்கும் டே. பாத்துத் தின்னு." அவ்வளவுதான். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் அதைத் தின்னவில்லை. வாய்க்கால் பாலத்தில் நின்று தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நூல் இல்லாவிட்டால் அது அப்படித் தொங்கிக் கட்டாது, நூலைப் பிடித்துக்கொண்டுதான் கல்லே வளரும் என்று அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீனிச் சாக்கு மூட்டையில் எம்-30, எஸ்-30 என்று போட்டிருப்பதில் எழுத்து பருமனுக்கு, எண் நிறத்துக்கு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. ரெண்டு விரலுக்கு நடுவில் சீனியை உருட்டியே ரகம் சொல்லுவார். அவருக்கா நூல் விஷயம் தெரியாது? பதினோரு வயதுப் பயலிடம் கடைக்கு வக்காலத்து வாங்க வேண்டாம் என்று விட்டிருப்பார். நானும் அப்புறம் படித்து, வேலை பார்த்து, ரிட்டையர் ஆகி, ஐம்பது வருஷத்தில் ஒரு நாள் கூட அந்த நூல் ஏன் அங்கே இருந்தது என்று யோசிக்கவில்லை. போன வருஷம் பங்குனியில் வந்தபோது கூட கட்டிலில் படுத்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் உன்னிடம் போனில் சொல்ல முடியவில்லை. "கேக்குதா, கேக்குதா" என்பதற்கு நடுவில் இதை எப்படிச் சொல்வது?

உடன்குடிப் பக்கம் உங்கள் அத்தை வீட்டுக்கு நாம் போனது ஞாபகம் இருக்கிறதா? பதநீர் காய்ச்சி, சிரட்டையில் கருப்பட்டி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பின்பக்கத்து அறைக்குள் மட்டும் விடவில்லை. "உள்ள பானை இருக்கு, அசைஞ்சா கெட்டுப்போவும்" என்று அத்தை கம்பை எடுத்தாள். ரூபாய் புதைத்து வைத்திருக்கிறாள் என்று நீ சொன்னாய், பேய் என்று நான் சொன்னேன். பனங்கற்கண்டுடா! பதநீரைக் கருப்பட்டிப் பதம் வரை விடாமல் முன்னாலேயே இறக்கி, நூல் கட்டின பானையில் ஊற்றி, நாற்பது நாள் போல யாரும் தொடாமல் வைத்தால் பாகுக்குள் கல் கட்டும். பிறகு பாகை வடித்துவிட்டுக் கல்லைக் கழுவிக் காயவைப்பார்கள். ஆலையில் அத்தனை பெரிய கொப்பரையில் சீனியைச் சில மணி நேரத்தில் விளையவைத்து விடுகிறார்கள். அத்தைக்கு நாற்பது நாள். பேயும் இல்லை பணமும் இல்லை, நூல்தான் தொங்கிக்கொண்டிருந்தது அந்த இருட்டில். இப்போது சீனிப்பாகில் நிறம் ஏற்றிப் பனங்கற்கண்டு என்று விற்கிறார்களே, அவர்களை அத்தையிடம் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

இங்கே முக்குக் கடைப் பெரியவர் ஒருவர் சீனியை இன்னும் அஸ்கா என்றுதான் சொல்லுவார். நான் "சீனி" என்றால் "தெக்கத்தி ஆளா?" என்று கேட்பார். ஒரிசாவில் கஞ்சம் பக்கம் அஸ்கா என்று ஊரே இருக்கிறது, அந்தக் காலத்தில் மதராஸ் ராஜதானியோடு இருந்த ஊர், அங்கே சர்க்கரை ஆலை இருந்தது என்று அவரிடம் அளந்தேன். "அப்ப சீனின்னா சீனாவா?" என்றார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நம்மூருதுன்னு சொல்ல ஒண்ணும் இல்லியா?" என்று வருத்தப்பட்டார். கற்கண்டு இருக்கிறதே என்று சமாதானப்படுத்தினேன். அதிலும் கண்டு வடமொழிக் கண்டம்தான், வெள்ளைக்காரன் கேண்டி என்பதும் அங்கே இருந்து போனதுதான், கல் மட்டும்தான் நம்முடையது. இதை அவரிடம் சொல்லவில்லை. பாவம், வயதானவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையைக் காலி பண்ணப் போகிறாய் என்று நம்ம ஒட்டடைப் பயல் போனில் சொன்னான். அலமாரி, தராசு, கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் பழைய சாமான்காரன் மொத்தமாகப் பேசியிருக்கிறானாம். தராசை உன் சின்னவன் வைத்துக்கொள்ளட்டும். மேல்தட்டில் இடது பக்கம் தகர மூடி போட்ட ஜாடி ஒன்று இருக்கும், கண்ணாடிக்குள்ளே ஒரு குமிழ் இருக்குமே, அது. அதை மட்டும் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டாயானால், அவன் எந்தத் தெரு என்று இப்போதே விசாரித்து வை.

நாற்பது நாள் மார்கழி நடுவில் முடிகிறது. வடித்து, கழுவி, காயவைத்து, பாதியைப் பேத்திக்கு அனுப்பிவிட்டு, மீதியை நூலோடு எடுத்துக்கொண்டு பொங்கல் கழித்து நானே வருகிறேன். கூரியரில் போட்டால் பொடியாகத்தான் வந்து சேரும். படத்துக்கு முன்னால் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டு வை. அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம். நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும்.

மைனிக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

உன்,
பொரி

பி.கு: எழுதி முடித்துவிட்டுப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டுத் தண்ணீரில் ரெண்டு எறும்பு நீந்திக்கொண்டிருக்கிறது. ஒன்று கிட்டத்தட்ட பாட்டிலை எட்டிவிட்டது. வைக்கிறேன்.